பேசினால் தீருமா? வாசகர் கேள்வி பதில்

மூன்று மாதமாக பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது. பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறேன். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். டாக்டர் கவுன்சலிங் போகச் சொல்கிறார். பேசினால் படபடப்பு நிற்குமா?
– வாசகி, தக்கலை

மனக்குறையைக் கொட்டிவிட்டு வந்தால் மட்டும் நிற்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'பேனிக் அட்டாக்', அதாவது திடீரென்று வந்து தாக்கும் பயம் போலிருக்கிறது. தைராய்டு பரிசோதனையும் ஒரு தடவை செய்துவிடுங்கள். அது கூடினாலும் நெஞ்சு படபடக்கும்.

இதற்குப் பெரும்பாலும் கொடுப்பது சிபிடி என்ற பேச்சு சிகிச்சை; பயத்தைக் கூட்டும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குவது. வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடம், சுமார் 12 வாரம். ஆனால் பாதி வேலை வீட்டுப்பாடத்தில்தான் இருக்கிறது. படபடப்பு பொதுவாக 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், தானாகவே தணியும். நீங்களோ உச்சியில் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுகிறீர்கள். 'இறங்கினதால்தான் பிழைத்தேன்' என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை பயம் கூடுகிறது.

அந்தக் கணக்கைப் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். முதலில் நிறுத்தத்தில் 15 நிமிடம் சும்மா நிற்பது. அப்புறம் நாகர்கோவில் பஸ்ஸில் வில்லுக்குறி வரை, பிறகு பார்வதிபுரம் வரை, கடைசியில் கூட்ட நேரத்தில் வடசேரி வரை. ஏறும்போது பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். 8 என்றால் அது 4 ஆகும்வரை சீட்டை விட்டு எழுந்திருக்காதீர்கள், ஸ்டாப் தாண்டிப்போனாலும் சரி. ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள் செய்து, சலித்துப்போன பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

பலர் சறுக்குவது துணையில்தான்: பக்கத்தில் கணவர், கையில் தண்ணீர் பாட்டில், காதில் போன். பயணம் முடிந்தாலும் 'பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்' என்றே தோன்றும். ஒவ்வொன்றாக விட வேண்டும். காலையில் கிளம்பும் முன் கட்டன்சாயாவையும் (பால் சேர்க்காத டீ) குறையுங்கள், அதுவும் படபடப்பைக் கூட்டும்.

கணவர் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப 40 நாள் ஆகும். கரைக்கு வந்த அன்றே சண்டை. கவுன்சலிங்குக்கு வரமாட்டேன் என்கிறார். நான் மட்டும் போகலாமா?
– வாசகி, கொல்லங்கோடு

போகலாம். ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே சண்டையின் போக்கு மாறும். பங்குச் சாமியாரோ ஊர்ப் பெரியவரோ பேசிவைத்தால் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பார்கள். கவுன்சலர் அதற்குள் போகமாட்டார். சண்டை எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பதைத்தான் பிடிப்பார். நாற்பது நாள் வீட்டைத் தனியே நடத்தியவர் நீங்கள். வந்தவருக்கோ சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருக்கும். வந்த அன்று கடன், சீட்டுக் கணக்கை எடுக்காமல், மூன்றாம் நாள் ஒரு நேரம் குறித்து வையுங்கள். ஒருவர் 5 நிமிடம் ஒரே விஷயத்தைப் பேச, மற்றவர் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். குரல் உயர்ந்தால் 20 நிமிடம் விலகுங்கள்; எப்போது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு.

அடி உதை இருந்தால் சேர்ந்து உட்காரும் கவுன்சலிங் வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும். பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

ஏழு வயது மகனுக்குப் பள்ளிக்கூடம் உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி. நடிக்கிறானா?
– வாசகர், குலசேகரம்

வலி நிஜம்தான், பயம் வயிற்றில் தெரிகிறது. குழந்தை மருத்துவர் பார்த்து, உடம்பில் கோளாறு இல்லை என்றபின் மேற்கொண்டு செய்யுங்கள். இந்த வயதில் 'ஏன் போகமாட்டேன்கிறாய்?' என்று கேட்டால் பதில் வராது. படம் வரையவும் பொம்மை வைத்து விளையாடவும் விட்டுத்தான் கவுன்சலர் புரிந்துகொள்வார்; நிறைய நேரம் உங்களோடும் பேசுவார். வீட்டில் நின்ற நாளில் டிவியும் ஆச்சி சுடும் பழம்பொரியும் கிடைத்தால் யார்தான் பள்ளிக்கூடம் போவார்கள்! டீச்சரிடம் பேசி, முதலில் இரண்டு பீரியட், பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள் என்று கூட்டுங்கள். வேனிலோ வகுப்பிலோ யாராவது அடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் கவுன்சலர் அதை ரகசியமாக வைக்க முடியாது; குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் செய்தாக வேண்டும்.

யாரிடம் போவது? செலவாகுமே.
– வாசகர், நாகர்கோவில்

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சு சிகிச்சை தரும் உளவியலாளர்) என்பவரிடம் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் தந்த பதிவு எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. மருந்து எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட் என்ற மனநல டாக்டர். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.