வளர்கிற ஊருக்குத் தண்ணி, பார்க், பஸ் எல்லாம் கேட்பது எப்படி? கொங்கு ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பல்லடம், சூலூர், பெருந்துறை, அவிநாசிப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றை எடுத்து எழுதியிருக்கிறேன்.

ஐயா, எங்க ஊர்ல பத்து வருசத்துல வீடு ரெண்டு மடங்கு ஆயிருச்சுங்க. பனியன் கம்பெனி, தறிக்குடோன்னு வெளியூர்ச் சனமும் நிறைய. ஆத்துத் தண்ணி பத்து நாளைக்கு ஒருக்காதான் வருது. கேட்டா "உங்களுக்கு ஒதுக்கீடே அவ்வளவுதான்"ங்கறாங்க. (பல்லடம் பக்கம்)

அவர்கள் சொல்கிற ஒதுக்கீடு பெரும்பாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. அதன்பிறகு இன்னொரு கணக்கெடுப்பு முடியவில்லை, அடுத்தது 2027-இல்தான். உங்கள் ஊரில் அதற்கப்புறம் குடியேறியவர்கள் காகிதத்தில் இல்லை. வளர்கிற ஊர்களின் சிக்கல் முக்கால்வாசி இதுதான்.

அதனால் முதல் வேலையாக நீங்களே ஊரை எண்ணுங்கள். வீதி வீதியாக ஒரு நோட்டில் வீடு, ஆட்கள், குழாய் இணைப்பு உண்டா இல்லையா என்று எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், மில் குடியிருப்பில் இருக்கும் வடமாநிலத்தவர்கள் எல்லோரையும் சேருங்கள். அவர்களும் அதே தொட்டித் தண்ணியைத்தான் குடிக்கிறார்கள். உங்கள் கணக்குக்குத் துணையாக வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு ஆகியவற்றின் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி தரும் ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். பதிவில் 3,000 பேர் என்றால் 1,65,000 லிட்டர். நிஜத்தில் 6,000 பேர் இருந்தால் 3,30,000 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு என்ன, வாரத்தில் எத்தனை முறை நிரம்புகிறது என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டு ஒரு மாதம் குறித்து வையுங்கள். தேவை இவ்வளவு, வருவது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று மூன்று எண்களோடு போகும் மனுவுக்கு "ஒதுக்கீடு அவ்வளவுதான்" என்று பதில் சொல்லி அனுப்புவது கஷ்டம்.

ஊராட்சித் தலைவர் இல்லாதபோது யாரைப் பார்ப்பதுங்க? (சூலூர் பக்கம்)

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை மனுவை வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் கூப்பிடலாம். எங்கே கொடுத்தாலும் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபையில் கையெழுத்து வாங்கிவிட்டு டீ கொடுத்து அனுப்புகிறார்கள். போய் என்ன பிரயோஜனம்? (காங்கயம் பக்கம்)

போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும்; 10,000 வரை என்றால் 200 பேர். அந்த எண்ணிக்கை சேர்ந்தால் கூட்டத்துக்கே ஒரு கனம் வந்துவிடும்.

தீர்மானம் எப்படி எழுதப்படுகிறது என்பதில் கண்ணாக இருங்கள். "குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்று எழுதினால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. "மாரியம்மன் கோயில் வீதி முதல் பள்ளிக்கூடம் வரை 62 வீடுகளுக்குக் குழாய் இல்லை, அங்கே விநியோகக் குழாய் பதிக்க மதிப்பீடு தயாரிக்க வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வாசகத்தை முந்தின நாளே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணா, காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்தா சாயந்தரமே தண்ணி வருதே? மனு எழுதி என்ன ஆகுது? (அவிநாசி பக்கம், கல்லூரி மாணவர்)

தம்பி, வருவது லாரித் தண்ணி. குழாய் வராது. மறியலே கூடாது என்று நான் சொல்லவில்லை, சில நேரம் வேறு வழி இருக்காது. ஆனால் அதிகாரி வந்து பேசும்போது, எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. வேலைக்கு விண்ணப்பிக்கிற வயதுப் பிள்ளைகள் பெயரில் வழக்கு விழாமலும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையே பாருங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் கேட்டது. உண்ணாவிரதமும் இருந்தார்கள், மனுவும் கொடுத்தார்கள், எந்தக் குட்டைக்கு எந்த வழியாகத் தண்ணீர் போகும் என்ற விவரத்தையும் கையில் வைத்திருந்தார்கள். 2019-இல் அடிக்கல் நாட்டி, 2024 ஆகஸ்ட் 17-இல் திறந்தார்கள். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே 1.5 டிஎம்சி உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு விடும் திட்டம். பட்டியலில் விடுபட்ட குட்டைகளுக்காக இன்னும் கேட்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

லேஅவுட்டில் பார்க் என்று காட்டித்தான் சைட் விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் கம்பி வேலி. ரோடும் போடவில்லை. (பெருந்துறை பக்கம்)

இதைத் தள்ளிப் போடாதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் தான செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரம் பதிவாகாவிட்டால் ரோடு காகிதத்தில் இன்னும் தனியாருடையதே. ஊராட்சி அங்கே பணம் செலவழிக்கத் தயங்குவது அதனால்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டே நகல் கேளுங்கள்: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கையோடு அந்த சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பார்க் இடம் ஊராட்சி பெயரில் இருந்தால் அது ஆக்கிரமிப்பு, அகற்றக் கோரலாம். எழுதிக் கொடுக்கவே இல்லை என்றால் கலெக்டரிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் சைட் வாங்கிய அத்தனை பேரும் சேர்ந்து மனுக் கொடுங்கள். தாமதமானால் அந்த இடமும் சைட்டாகக் கைமாறிவிடும், அப்புறம் பிரச்சினை இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஆகிவிடும்.

அங்கீகாரமே இல்லாத மனைப்பிரிவு என்றால் வழி வேறு. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. முதலில் அதைச் சரிபாருங்கள்.

எங்களை மாநகராட்சியோடு சேர்த்தால் வசதி வருமா? (திருப்பூர் ஓரம்)

தெருவிளக்கு, குப்பை வண்டி, பாதாளச் சாக்கடைக்கு வழி பிறக்கலாம். வரி கூடும், ஊரக வேலைத் திட்டம் போய்விடும். அதை நம்பி அடுப்பெரிக்கிற பெண்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று பார்த்து, அவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். சைட் வாங்கி வந்தவர்கள் மட்டும் கூடி ஆதரவுக் கடிதம் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலை பஸ் ஒன்றுதான். பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போகிறார்கள். (காங்கயம் பக்கம், ஒரு தாய்)

பள்ளித் தலைமையாசிரியரிடம் எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள், மணி எத்தனைக்கு வகுப்பு என்று கடிதம் வாங்கி, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரிடம் கொடுங்கள், அம்மா. புது பஸ் கேட்பதைவிட, இருக்கிற பஸ்ஸை அரை மணி நேரம் மாற்றவோ இரண்டு கிலோமீட்டர் நீட்டவோ கேட்டால் சீக்கிரம் நடக்கும். மினி பஸ் வேண்டுமென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். புதிய திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் தருகிறார்கள். ஆனால் அது தனியார் வண்டி. பெண்களுக்கான இலவசப் பயணம் அரசின் சாதாரணக் கட்டணப் பஸ்ஸுக்கு உரியது, அதனால் அரசு பஸ்ஸையே முதலில் கேளுங்கள்.