அமுக்கரா: தூக்கம் தருமா, கல்லீரலைக் கெடுக்குமா?

கேள்வி: அமுக்கரா (அஸ்வகந்தா) சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்கிறார்கள். இதற்கு ஆய்வு இருக்கிறதா, வெறும் விளம்பரமா?

ஆய்வு இருக்கிறது. விளம்பரம் சொல்லும் அளவுக்குத்தான் இல்லை. ஐந்து மருத்துவ ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்து அலசிய கட்டுரை 2021இல் வந்தது. தூக்கம் கூடியது உண்மை, ஆனால் சிறிதளவே. தூக்கமின்மை நோய் உள்ளவர்களுக்கும், தினம் 600 மி.கி. அல்லது அதற்கு மேல் எட்டு வாரமாவது எடுத்தவர்களுக்கும் பலன் சற்றுக் கூடுதல். ஆக, இன்றிரவு விழுங்கி இன்றே தூங்க இது தூக்க மாத்திரை அல்ல. மனஅழுத்தம் குறைவதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். பல, அமுக்கரா சாறு தயாரிக்கும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் பாதுகாப்பா என்பதற்கு உருப்படியான தரவு கிடையாது.

கேள்வி: அந்த 600 மி.கி.யைச் சூரணத்தில் எடுப்பதென்றால் எத்தனை ஸ்பூன்?

அப்படி மாற்றிக் கணக்கிட முடியாது. ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் வேரிலிருந்து செறிவாக எடுத்த சாறு. வித்தனோலைடு என்பது அமுக்கராவில் உள்ள முக்கிய வேதிப்பொருள். ‘வித்தனோலைடு 5%’ என்று அட்டையில் இருந்தால் 600 மி.கி.யில் 30 மி.கி. வித்தனோலைடு இருக்கிறது. சும்மா இடித்துச் சலித்த வேர்ப்பொடியில் அதன் விகிதம் மிகக் குறைவு. அதனால்தான் ஆயுர்வேத மருந்து நூல் பொடிக்கு 3 முதல் 6 கிராம் என்கிறது. அந்த 3 கிராம் கணக்கைச் சாற்றுக்குப் பொருத்தினால் ஆய்வில் கொடுத்ததைவிடப் பல மடங்கு உள்ளே போய்விடும்.

‘அமுக்கரா சூரணம்’ என்பது வேறு. சித்த மருத்துவத்தின் வழக்கமான செய்முறையில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டினால் 255 பங்கு. அதாவது 3 கிராம் சூரணத்தில் அமுக்கரா முக்கால் கிராம், பாதி சர்க்கரை! நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் வேறு, சில மருந்துகளை ரத்தத்தில் கூடுதலாகத் தங்க வைக்கும். வலிப்பு மருந்தான பெனிட்டாயின் அதில் ஒன்று.

வாங்கும்போது ‘வேர்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இலையைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கேள்வி: கல்லீரல் கெட்டுவிடும் என்று படித்தேன். மூலிகைக்குப் பக்கவிளைவு உண்டா?

உண்டு. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவான ஐந்து பேரைப் பற்றிய அறிக்கை 2020இல் வெளியானது. மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் வந்தன, ஐவரும் தேறினார்கள். பொதுவாகத் தொடங்கிய 2 முதல் 12 வாரத்துக்குள் இது தலைகாட்டுகிறது. எடுப்பவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் அபூர்வம்தான். ஆனால் ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களில் உயிரிழப்பும் பதிவாகியிருப்பதால், அவர்கள் இதைத் தொடவே கூடாது என்பது எங்கள் கருத்து. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்தது.

தோலில் தடிப்பில்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, தேநீர் நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், பசியின்மை: எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு, கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். புட்டியையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ‘மூலிகைதானே’ என்று பலர் சொல்லாமல் விடுவதால்தான் காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் இழுக்கிறது.

கேள்வி: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். கூடவே எடுக்கலாமா?

மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். மாத்திரையும் அதையே செய்வதால் படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல் வரலாம். மருத்துவர் அனுமதித்தால், தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.ஹெச். (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கு அறவே ஆகாது.

கேள்வி: வேறு யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஹார்மோன் சார்ந்த புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ தேவைக்கு மேல் இறங்கலாம். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பாலில்தான் கலக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. வேரைப் பாலாவியில் பிட்டுபோல் அவித்து உலர்த்திச் சுத்தி செய்வது சித்த மரபு. அப்படிச் செய்தால் கல்லீரல் பாதிப்பு வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. வெறும் வயிற்றில் எடுத்துக் குமட்டினாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ, உணவுக்குப் பின் வெந்நீரில் எடுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அந்த மாத்திரையைப் பாலோடு விழுங்கிவிடாதீர்கள். மருந்து சரியாக உறிஞ்சப்படாது.