கழற்றிய ஹீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை ஹீட்டர் மாற்றியாயிற்று. போன மாதம் போட்டதும் இப்போது ஆர்.சி.சி.பி.யை (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சை) ட்ரிப் ஆக்குகிறது. தண்ணீர் போர்தான், ஆர்.ஓ.வில் வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் மெஷினில் ஊற்றுகிறோம். வாரம் மூன்று முறை 60 டிகிரியில் துவைக்கிறோம். மெக்கானிக் "கன்ட்ரோல் போர்டு மாத்தணும்" என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ட்ரிப் ஆவதற்கு ஹீட்டர்தான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைத் திறந்து (சில மாடல்களில் ஹீட்டர் முன்பக்கம் இருக்கும்), ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, தனித்தனியாக டேப் சுற்றி, பலகையை மூடிவிட்டு குளிர்ந்த நீர் ப்ரோகிராமில் ஓடவிடுங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் கசிவு ஹீட்டரில்தான்.

மல்டிமீட்டரிலும் பார்த்துவிடலாம். 2000 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒரு முனைக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. ஆனால் மல்டிமீட்டரில் சுத்தமாகத் தெரிகிற ஹீட்டர்கூட 230 வோல்ட் ஏறியதும் கசியும். 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட் கொடுத்து மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பவரிடம் கொடுத்தால் சந்தேகம் தீரும்.

அடுத்தது முக்கியம். மெக்கானிக் கழற்றிய பழைய ஹீட்டரை வாங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது எப்படிச் செத்தது என்பது அதன் உடம்பிலேயே இருக்கும்.

முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் அது சுண்ணாம்பு. வெப்பம் தண்ணீருக்குப் போக முடியாமல் குழாய்க்குள்ளேயே தேங்கி, உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி ஓரிடத்தில் உருகி அறும். இந்த ரகத்தில் ட்ரிப் ஆகாமல், வெறுமனே தண்ணீர் சூடாகாமல் போவதுதான் அதிகம்.

அந்தச் சுண்ணாம்புப் படிவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் விஷயம் வேறு. அது குளோரைடு அரிப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துரு பிடிக்காது என்று சொன்னாலும், உப்பு நீரில் சூடாகும்போது ஊசித்துளை விழும். அதன் வழியே ஈரம் நுழைந்து, உள்ளே மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூளை நனைத்தால் மின்சாரம் ஹீட்டரின் உலோக உடலுக்குக் கசியும், ஆர்.சி.சி.பி. இறங்கும். உங்கள் அறிகுறி இதற்குத்தான் பொருந்துகிறது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த சங்கதி. உங்கள் தெரு போர் எப்படி என்பதைச் சோதனைக்குக் கொடுத்தால்தான் தெரியும். டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டர் மட்டும் போதாது, கடினத்தன்மையையும் குளோரைடையும் தனித்தனியே கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 1000 வரை.

இந்த நிலையில் ஆர்.ஓ. கழிவு நீரை மெஷினில் ஊற்றுவதுதான் பெரிய தப்பு. வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் தெளிக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம்; அது கால்சியம், மெக்னீசியத்தைத்தான் பிடிக்கும், குளோரைடு அப்படியே நிற்கும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அதைத் தனியாகப் பிடித்து, சூடான துவையலை அன்றைக்கு வைத்துக்கொள்வது மேல். போரும் காவிரியும் ஒரே மேல்தொட்டியில் கலந்தால் பிரயோஜனமில்லை.

ஹீட்டர் குழாய் நீலம் பாய்ந்து கருத்திருந்தால், தண்ணீர் இல்லாமல் எரிந்திருக்கிறது. இங்கேதான் போர்டு பேச்சு வரும். போர்டில் ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. சோதனை எளிது: குளிர்ந்த நீர் ப்ரோகிராமில் 20 நிமிஷம் ஓடவிட்டு, கதவுக் கண்ணாடியைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ரிலேதான். கிளாம்ப் மீட்டரில் (ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டம் அளப்பது) அப்போது எட்டு ஆம்பியருக்கு மேல் காட்டும். அப்படி இல்லையென்றால், போர்டைத் தொடுவதற்கு முன் நீர்மட்ட சென்சாருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயில் சோப்புக் கசடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செலவே இல்லாத வேலை.

குழாயின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தால், ஹீட்டரின் முனை டப்புக்குள் இருக்கும் கிளிப்பில் உட்காராமல் டிரம்மில் உரசியிருக்கிறது. பொருத்தியவர் அவசரம்.

இரவில் வோல்டேஜ் ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் எடுப்பது 250-ல் 2360 வாட் எடுக்கும். அதுமட்டும் ஹீட்டரைக் கொல்லாது. மேலே சுண்ணாம்பும் இருந்தால் சீக்கிரம் கொல்லும்.

புதிது போடும்போது அதே வாட், அதே நீளம், தெர்மல் ஃப்யூஸ் உள்ளதாக வாங்குங்கள். ரப்பர் கேஸ்கெட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, முனை கிளிப்புக்குள் போவதை டார்ச் அடித்துப் பார்த்து, நடு நட்டை இறுக்குங்கள். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். ஒயர் முனை கருகியிருந்தால் வெட்டிப் புது லக் போடுங்கள், தளர்ந்த முனை அங்கேயே சூடேறி எரியும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெறும் டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். ப்ளீச்சோடு கலக்கக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அதிலும் இருப்பது குளோரைடு. தினசரித் துணிக்கு 40 டிகிரி போதும். போர்வை, துண்டுக்கு மட்டும் 60. ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறதே என்று யாராவது அதை பைபாஸ் செய்யச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், ஈரக்கையோடு தொடுகிற மெஷின் இது.