கொலையை விடுங்கள், ரேஷனைப் பாருங்கள்

வணக்கம் சார்,

என் மகளுக்கு 14 வயது. ‘த ஹங்கர் கேம்ஸ்’ நாவலை இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்த பாகம் கேட்கிறாள். நானும் புரட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், அதை டிவியில் காட்டுகிறார்கள். இதெல்லாம் பிள்ளைகள் படிக்கிற புத்தகமா? போதாததற்கு இது ‘பேட்டில் ராயல்’ என்ற ஜப்பானிய நாவலின் காப்பி என்கிறான் என் தம்பி. வாங்கித் தரலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

வாங்கிக் கொடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான், மீதி உங்கள் தம்பிக்கு.

நாவலை எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த ஜப்பானிய நாவலைப் பற்றியே கேள்விப்பட்டேன் என்று ‘த ஹங்கர் கேம்ஸ்’ எழுதிய சூசன் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். நம்புவதும் நம்பாததும் தம்பி இஷ்டம். பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்து, ஒருவர் மிஞ்சும்வரை சாகவிடுவது இரண்டிலும் உண்டு, சரி. ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் இரண்டும் வேறு வேறு திசை.

காலின்ஸ் நாவலில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கொலை இல்லை, தானியமும் எண்ணெயும். சாகப் போகிற பிள்ளைகளைக் குலுக்கலில்தான் எடுப்பார்கள். 12 வயதானால் அதில் ஒரு சீட்டு, வருடாவருடம் ஒன்று கூடும். வீட்டில் அடுப்பெரியவில்லையா, பெயரை இன்னொரு சீட்டில் எழுதிப் போடு, ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கான ரேஷன் கிடைக்கும், அதுவும் அரைவயிற்றுக்குத்தான். அம்மா, தங்கை, தான் என்று மூன்று வயிற்றுக்காகக் கதாநாயகி காட்னிஸ் 12 வயதிலிருந்து இப்படிப் போட்டுப் போட்டு 16 வயதில் அவள் பெயரில் 20 சீட்டு. வீட்டில் வாய்கள் அதிகமுள்ள அவள் நண்பன் கேலுக்கு 42. இவ்வளவு கணக்கையும் நமக்குச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு சீட்டு இருக்கிற தங்கையின் பெயரை எடுக்கவைக்கிறார் பாருங்கள், காலின்ஸுக்கு நெஞ்சழுத்தம்தான். மகள் இதையெல்லாம் கவனித்தாளா என்று கேட்டுப் பாருங்கள். கவனித்திருப்பாள். நாம்தான் ரத்தத்தைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

1999இல் வந்த கோஷுன் தகாமியின் ‘பேட்டில் ராயல்’ நாவலில் பசிக்கு அவ்வளவு இடமில்லை. ஒரே வகுப்பைச் சேர்ந்த 42 பேர், கழுத்தில் வெடிக்கும் பட்டை, 24 மணி நேரம் ஒருவர்கூடச் சாகவில்லை என்றால் எல்லாப் பட்டையும் வெடிக்கும். அதில் கலங்கரை விளக்கத்தில் ஆறு பெண்கள் ஒன்றாக ஒளிந்திருக்கும் இடம் வரும். சமைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், அடிபட்டு வந்த ஒரு பையனையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவனைக் கண்டு பயந்த ஒருத்தி அவன் சாப்பாட்டில் விஷம் கலக்க, அதை வேறொரு பெண் ருசி பார்த்துச் சுருண்டு விழ, ‘நீயா, நானா’ என்று ஆரம்பித்துத் துப்பாக்கி எடுத்து, சில நிமிடங்களில் அறையே பிணக்காடு. விஷம் கலந்தவள் மட்டும் மிஞ்சுகிறாள், அவளும் மேலேயிருந்து விழுந்து சாகிறாள். இதற்கு எந்த அரசாங்கமும் உள்ளே வந்து துப்பாக்கி நீட்டவில்லை. சந்தேகமே போதுமானதாக இருந்தது.

அதை 2000இல் படமாக்கிய கின்ஜி ஃபுகசாகுவுக்கு அப்போது வயது 70. 1945இல், 15 வயதில், பள்ளித் தோழர்களோடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்டவர் அவர். அங்கே குண்டு விழுந்து செத்த தோழர்களின் உடல்களை, உயிர்தப்பிய பிள்ளைகளே அள்ளிப் போட வேண்டியிருந்தது. பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்ற கோபம் அன்றைக்கு வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை. படத்தில் இந்த ஆட்டத்தை நடத்தும் ஆசிரியர் பேசுவதைப் பார்த்தால் தெரியும்.

அதனால் தம்பி அந்தப் படத்தை வீட்டில் போட்டால் மகளை இப்போதைக்கு உட்காரவைக்க வேண்டாம். ஜப்பானிலேயே 15 வயது நிரம்பாதவர்களைத் தியேட்டருக்குள் விடவில்லை. கதையில் சாகிற பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான், அது வேறு விஷயம்.