வாகனச் சப்புக்கு எந்த அம்ப்? ஓமும் வாற்ஸும்

பெட்டியில் '1200 வாற்ஸ்' என்று போட்ட சப்வூபர் (அடித்தொனி ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) வாங்கினேன். அதே அளவில் அம்ப் (அம்ப்ளிபயர்) தேட வேணுமா? (பரந்தன்)

வேண்டாம். அது கண நேர உச்ச அளவு. உள்ளே வரும் தாளில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து ஓடும்போதான வாற்ஸ்) எவ்வளவு என்று பாருங்கள். 300 என்றால், நீங்கள் இணைக்கப்போகும் ஓமில் (மின்தடை அளவில்) 300 ஆர்எம்எஸ் தரும் அம்ப் போதும்.

வானுக்கு இரண்டு சப். ஒவ்வொன்றிலும் இரட்டைக் கொயில் (கம்பிச் சுருள்), கொயில் ஒன்று 4 ஓம். மோனோ (ஒற்றைச் சனல்) அம்ப் 2 ஓம் வரை தாங்கும். எப்படி இணைப்பது? (மாங்குளம்)

இந்தச் சோடியில் 2 ஓம் வராது. நான்கு கொயிலையும் சமாந்தரமாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் 1 ஓம். சத்தம் கூட்டியதும் புரொடெக்ட் விளக்கு எரிந்து அம்ப் நின்றுவிடும். ஒரு கொயிலின் மைனஸை மற்றதன் பிளஸில் கொடுத்து ஒவ்வொரு சப்பையும் 8 ஓமாக்குங்கள். பிறகு இரண்டையும் சமாந்தரமாக்கினால் 4 ஓம். அம்ப் பத்திரம், ஆனால் வலு ஏறக்குறைய பாதிதான். கடையில் மாற்றித் தந்தால் 2 ஓம் இரட்டைக் கொயில் சப் எடுங்கள். இதே இணைப்பில் சரியாக 2 ஓம் வரும். அம்பில் கொழுவ முன்னர் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 4 ஓம் இணைப்பு 3.2 முதல் 3.8 வரை காட்டும், அது பிழையல்ல.

250 ஆர்எம்எஸ் சப்பை 200 வாற்ஸ் அம்ப் எரித்துவிட்டது. எப்படி? (புதுக்குடியிருப்பு)

அம்பின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் திருகை) முழுக்கத் திருப்பியதால்தான். அம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. முழுச் சதுர அலையில் 200 வாற்ஸ் அம்ப் 400 வரை தள்ளும். சப்பின் கோனை (முன்பக்கக் கூம்பை) இரு கையாலும் சமமாக அமத்திப் பாருங்கள்: கரகரத்து, கருகிய வார்னிஷ் மணமும் வந்தால் கொயில் போய்விட்டது.

புதுச் சப்புக்குக் கெயின் வைக்கும் முறை இது. சப் வயரைக் கழற்றுங்கள். பேஸ் பூஸ்ட் பூச்சியம், செற்றின் சத்தம் முக்கால் பங்கு. 50 ஹேர்ட்ஸ் தனி ஒலியைப் போட்டு, அம்ப் வெளியீட்டை ஏசி வோல்ற்றில் அளந்தபடி கெயினைக் கூட்டுங்கள். வாற்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய இடம் தெரியும்: 200 வாற்ஸ், 4 ஓம் என்றால் 28 வோல்ற்.

அரை மணித்தியாலத்தில் அம்ப் நின்றுவிடுகிறது, பிறகு தானாக வருகிறது. (ஒட்டுசுட்டான்)

சூடு. சீற்றுக்குக் கீழே கிறவல் றோட்டுத் தூசி அம்பின் அலுமினியச் செட்டைகளை அடைத்திருக்கும், தூரிகையால் தட்டுங்கள். எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டி வெறும் தகடு தெரிய இறுக்குங்கள்.

ஓட்டோவுக்கு 500 வாற்ஸ் சரிவருமா? (கிளிநொச்சி)

வராது. 500 ஆர்எம்எஸ் என்றால் மின்னைச் சிக்கனமாக எடுக்கும் கிளாஸ் டி அம்பே முழு வலுவில் 45 அம்பியர் அளவு இழுக்கும். ஓட்டோவின் சார்ஜ் அதற்குக் காணாது. 8 அங்குலச் சப்பும் 100 வாற்ஸும் போதும். பற்றறியிலிருந்து 45 சென்றிமீற்றருக்குள் 15 அம்பியர் பியூஸ் கட்டாயம்.