அதே இடத்துக்கு இரண்டு பேர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். என் மூத்த மகள் சின்ன வயதிலிருந்தே சாக்கர் ஆடியவள். கல்லூரியிலும், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷன் அணியில் லெஃப்ட் பேக்காக (இடதுபக்கத் தடுப்பாட்டம்) இருந்தாள், பாதி உதவித்தொகையோடு. முதல் வருடம் நன்றாக ஆடினாள். இரண்டாம் வருடம் ஆகஸ்ட் பயிற்சியிலேயே முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. அவள் ஆடக்கூடிய நான்கு வருடக் கணக்கில் அந்த வருடத்தைச் சேர்க்காமல், ரெட்ஷர்ட் என்ற சலுகை கொடுத்தார்கள். ஆனால் அவள் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் இன்னொரு பெண் நிலைத்துவிட்டாள். மீதி மூன்று வருடமும் என் மகள் பாதி ஆட்டம்கூட ஆடியதில்லை. இறக்குகிறார்களோ இல்லையோ, நாங்கள் ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் போனோம். போன நவம்பரோடு எல்லாம் முடிந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த இன்னொரு பெண்தான் இன்று இவளுக்கு உயிர்த்தோழி. வாரக்கடைசியில் நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறாள். அறுவை முடிந்து காலைத் தூக்க முடியாமல் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவளும் அவள்தானாம். இந்த ஐந்து வருடத்தில் உனக்கு என்னடி கிடைத்தது என்று கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்கிறாள். இந்த நட்பெல்லாம் எத்தனை நாளைக்கு? இளையவளுக்குப் பதினான்கு வயது. தானும் கல்லூரியில் ஆட வேண்டும் என்கிறாள். விடலாமா?

எம்., வட கரோலினா

அன்புள்ள எம்.,

மகளை இறக்குவார்களா மாட்டார்களா என்று தெரியாமலே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளம்பிப் போயிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு "என்ன கிடைத்தது" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம். முதல் டிவிஷனில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெண்கள் சாக்கர் அணி இருக்கிறது. அணிக்கு 28 பேர் என்று வைத்தாலே எட்டாயிரத்துக்கு மேல் வரும். தொழில்முறை லீக்கான என்.டபிள்யூ.எஸ்.எல்.லில் 2025இல் 14 அணிகள்தான், அணிக்கு 26 பேர் வரை. அதிலும் பல இடங்கள் வெளிநாட்டு வீராங்கனைகளுக்கும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் போய்விடும். கல்லூரியிலிருந்து ஆட்களை எடுக்கும் டிராஃப்ட் முறையையே 2024இல் நிறுத்திவிட்டார்கள். ஆக, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதில் ஆட்டம் முடிந்துபோவதுதான் அங்கே வழக்கம். உங்கள் மகள் தோற்றுப்போய் வெளியே வரவில்லை. கூட ஆடியவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடத்துக்குத்தான் அவளும் வந்திருக்கிறாள்.

முழங்கால் விஷயத்தில் அமெரிக்க அணியின் நட்சத்திரமாக இருந்த மேகன் ரபினோவை யாராவது உங்களிடம் உதாரணம் காட்டியிருப்பார்கள். போர்ட்லாண்ட் பல்கலைக்கழகத்தில் 2005இல், முதல் வருடத்திலேயே சாம்பியன். 2006இலும் 2007இலும் ஜவ்வு கிழிந்தது. 2019 உலகக் கோப்பையில் சிறந்த வீராங்கனை. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மாதிரிக் கதையை வைத்து உங்கள் மகளை அளக்காதீர்கள். அந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. குணமாக ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அப்படியே சரியானாலும், காத்திருந்த இடம் காலியாக இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இடத்தைப் பிடித்தவள் எப்படித் தோழியானாள்?

கல்லூரி சாக்கரில் ஒரு விதி இருக்கிறது. உலகக் கோப்பையில் வெளியே வந்தவர் வந்தவர்தான், மறுபடி உள்ளே போக முடியாது. கல்லூரியில் அப்படி இல்லை. முதல் பாதியில் வெளியே வந்தவர் இரண்டாம் பாதியில் ஆடலாம்; இரண்டாம் பாதியில் வெளியே வந்தாலும் ஒருமுறை திரும்பிப் போகலாம். வியாழன் ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம் என்று ஓடும் சீசனில் பயிற்சியாளர்கள் இந்த விதியை நன்றாகவே பயன்படுத்திக்கொள்வார்கள். அதனால் ஒரே இடத்துக்கு இருக்கும் இரண்டு பேர் பெரும்பாலும் ஒரே ஆட்டத்தைப் பங்குபோட்டு ஆடுகிறார்கள்.

அந்த மாற்றம் நடக்கும் நேரத்தைக் கோட்டுக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முப்பதாவது நிமிடம். லெஃப்ட் பேக் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வருகிறாள். உள்ளே போக வேண்டியவள் கோட்டருகே குதித்துக்கொண்டு நிற்கிறாள். கைதட்டிக்கொள்ளும் அந்த ஒரு நொடியில் வருபவள் போகிறவளின் காதருகே வேகமாகச் சொல்கிறாள்: "ஏழாம் நம்பர் இடது காலுக்குத்தான் கொண்டுவருவாள். உள்ளே வெட்ட விடாதே, கோட்டுப் பக்கம் தள்ளு." முப்பது நிமிடம் அடிபட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. தன் இடத்துக்குப் போட்டியாக நிற்பவளிடம் அதை அப்படியே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்கிறாள். சொல்லாமல் விட்டால் உள்ளே போனவள் திணறுவாள், இவளுக்கு இடம் உறுதியாகும். சொன்னால் அவள் நன்றாக ஆடிவிடுவாள். எனக்குத் தெரிந்து அலுவலகங்களில் பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள். இந்தப் பெண்கள் சொல்கிறார்கள், சீசன் முழுக்க, வாரத்துக்கு இரண்டு முறை.

பெஞ்சில் இருப்பவளின் பங்கும் குறைந்ததில்லை. ஒவ்வொரு பயிற்சியிலும் அந்தப் பெண்ணை முட்டி மோதித் தயார் செய்தவள் உங்கள் மகள்தானே? அந்தப் பெண் எந்தப் பக்கம் திரும்பும்போது தடுமாறுவாள், எத்தனையாவது ஓட்டத்தில் கால் கனக்கும் என்பதெல்லாம் பயிற்சியாளரைவிட உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கும் உங்கள் மகளைப் பற்றி அப்படியே.

உங்கள் மாநிலத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. சேப்பல் ஹில்லில் ஆன்சன் டோரன்ஸ் 1979இலிருந்து 2024 வரை வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பயிற்றுவித்தார். அவர் காலத்தில் மட்டும் 21 என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டங்கள். பயிற்சியில் நடக்கும் மோதல்கள், ஓட்டங்கள், ஷாட்டுகள் எல்லாவற்றையும் குறித்துவைத்து, யார் எத்தனையாவது இடம் என்று எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடுவார். கேட்டால் கொடுமையாகத் தோன்றும். ஆனால் பின்னால் அமெரிக்க தேசிய அணியின் நட்சத்திரங்களான மியா ஹேமும் கிறிஸ்டின் லில்லியும் 1989இல் சேர்ந்தது அந்த அணியில்தான். பத்து வருடம் கழித்து 1999 உலகக் கோப்பை இறுதியாட்டம், ரோஸ் பவுலில் 90,185 பேர் முன்னிலையில். கூடுதல் நேரத்தில் கோலுக்குள் போக இருந்த சீனாவின் பந்தைக் கோட்டிலேயே நின்று தலையால் முட்டி வெளியே தள்ளினார் லில்லி. பெனால்டியில் மூன்றாவது உதை லில்லி, நான்காவது ஹேம், ஐந்தாவதாக பிராண்டி சாஸ்டெய்ன் அடித்து அமெரிக்காவை ஜெயிக்க வைத்தார். தினமும் ஒருவரோடு ஒருவர் அளக்கப்பட்டு வளர்ந்தவர்களுக்கு அடுத்தவரின் பலம் தன் கையிலிருப்பது போலத் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள் என்று. ஜவ்வு அறுவைக்குப் பிறகு முதல் சில நாட்கள் தொடைத் தசை சொன்ன பேச்சைக் கேட்காது. படுத்தபடி காலை மடக்காமல் சற்று உயர்த்துவதுதான் பயிற்சி. வருடக்கணக்காக ஓடிய கால், மெத்தையை விட்டு எழும்பாது. தொடை நடுங்கும், வேர்க்கும், அழுகை வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வரை எண்ணியவள், இந்தக் கால் எழுந்துவிட்டால் தன் இடம் போய்விடும் என்று தெரிந்தே எண்ணினாள். இதற்கு மேல் நட்புக்கு என்ன அத்தாட்சி வேண்டும், சொல்லுங்கள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டிருந்தீர்கள். அணியில் இருந்த எல்லோரும் கடைசிவரை வர மாட்டார்கள். பஸ் பயணங்களும் அறை வாசமும் மட்டும் சேர்த்துவைத்தவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் வாட்ஸ்அப் வாழ்த்தோடு நின்றுபோவார்கள். அது இயல்பு. இந்தப் பெண் அந்த வகையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, உங்கள் மகள் இப்போது ஒரு இழப்பில் இருக்கிறாள். காலையில் எழுந்தால் போக வேண்டிய பயிற்சி இல்லை, ஆகஸ்ட் வந்தால் உடம்பு தானாகத் தயாராகும், ஆனால் சீசன் இல்லை. அதை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஆளைத் தேடித்தான் நான்கு மணி நேரம் கார் ஓட்டுகிறாள். போகட்டும். "என்ன கிடைத்தது" என்று இனிமேல் கேட்காதீர்கள். "நீ உள்ளே இறங்கும்போது அந்தப் பெண் உன் காதில் என்ன சொன்னாள்" என்று கேளுங்கள். மணிக்கணக்கில் பேசுவாள் பாருங்கள்.

இளையவளை விடுங்கள். தயங்க வேண்டாம். முழங்கால்தான் கவலையென்றால் இன்றே தொடங்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப், இருபது நிமிடம். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன. அவளுடைய கிளப்பில் செய்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் செய்ய வையுங்கள்.

முதல் டிவிஷன் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவளை நேரடியாகத் தொடர்புகொள்ள முடிவது பத்தாம் வகுப்பு முடித்து வரும் ஜூன் 15இலிருந்துதான். அதுவரை அவசரமில்லை. ஒன்று கவனியுங்கள். 2025இலிருந்து பல பெரிய கல்லூரிகளில் அணிக்கு 28 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முன்பு உதவித்தொகை இல்லாமல் வாக்-ஆனாக வந்து, ஆட வாய்ப்பே கிடைக்காவிட்டாலும் நான்கு வருடம் உழைத்த பெண்களுக்கு இனி இடம் குறைவு. எனக்கு இதில் வருத்தம் உண்டு, பல அணிகளை ஒட்டவைத்திருந்தவர்கள் அவர்கள்தான். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆனால் ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்கலாம்; அதையும் பட்டியலில் வையுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது அவர்கள் கேப்டனையும் நட்சத்திர ஆட்டக்காரரையும்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவர்களோடு பேசிவிட்டு, போன சீசனில் அதிகம் ஆடாத ஒரு பெண்ணோடு தனியாகப் பத்து நிமிடம் பேச முடியுமா என்று இளையவளைக் கேட்கச் சொல்லுங்கள். உன் இடத்தில் ஆடுகிறவளோடு நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கூட மூத்தவளையும் அழைத்துப் போங்கள், பதிலில் எது உண்மை என்று அவளுக்குத் தெரியும்.

அன்புடன்