300 பேர் வகுப்பில் படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவிக்கு

வகுப்பில் 300 பேர், பேராசிரியருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர்கள் பள்ளியிலேயே கோடிங் கற்று வந்திருக்கிறார்கள், பேசாமல் வேறு துறைக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் செமஸ்டரை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள்.

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதிப் பழகியவர்களுக்கு முதல் வருடம் சுலபம்தான். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவுகளை அடுக்கி வைக்கும் முறைகள்), டிஸ்கிரீட் மேத்ஸ் (கம்ப்யூட்டருக்கு அடிப்படையான கணிதம்), ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பாடங்கள் வரும்போது அந்த வித்தியாசம் வேகமாகக் கரைந்துவிடும். அகர வரிசையில் இருக்கும் 10 லட்சம் பெயர்களில் ஒன்றை ஒவ்வொன்றாகத் தேடினால் 10 லட்சம் முறைவரை ஒப்பிட வேண்டி வரலாம். ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கிக்கொண்டே போனால் 20 முறை போதும். ஏன் 20 என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அதில் உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தால், தாராளமாக இதே துறையில் இருங்கள்.

பெரிய பல்கலைக்கழகத்தில் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கிய நேரத்தில் நீங்கள்தான் போக வேண்டும். பல வாரம் அந்த அறை காலியாகவே இருக்கும், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். போகும்போது கேள்வியைத் தயார் செய்துகொண்டு போங்கள். "லிங்க்டு லிஸ்ட் (நோட் என்னும் துண்டுகளைச் சங்கிலிபோல் கோத்த பட்டியல்) புரியவில்லை" என்றால் எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. "கடைசி நோடை நீக்கும்போது, லிஸ்டில் ஒரே ஒரு நோட் இருந்தால் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (புரோகிராம் பாதியில் நின்றுபோகும் பிழை) வருகிறது. முந்தைய நோடைக் காட்டும் பாயின்டர் நல் (காலி) ஆக இருப்பதால் என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேளுங்கள். இரண்டு முறை இப்படிக் கேட்டால் உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

ஏஐ வந்த பிறகு வேலை கிடைக்குமா என்பது வீட்டில் இருப்பவர்களின் கவலை. வேலைச் சந்தைக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ஏஐ எழுதிய கோடில் தப்பு எங்கே என்று பிடிக்கவும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு வருட அசைன்மென்ட்களை, மார்க் குறைந்தாலும் பரவாயில்லை, நீங்களே எழுதுங்கள்.

இரண்டாம் வருட முடிவில் ஓர் ஆய்வகத்தில் வேலை கேளுங்கள். ரோபாட்டிக்ஸ், மரபணு ஆய்வு என்று பல துறைகளும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் பெரிய இடத்தின் லாபம். முதலில் டேட்டாவைச் சுத்தம் செய்யும் வேலைதான் தருவார்கள், தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் முடித்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். எந்தத் துறைக்கு மாறலாம் என்று அப்போது உட்கார்ந்து பார்ப்போம்.